துரைக்கு நான் நடத்திய இங்கிலீஷ் பாடம்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், கடைசியில் நீங்கள் சொல்ல வேண்டிய சிரமம் இருக்காது. அதிலும் இருபது வயதில் என் கையில் ஓர் ஆங்கில அகராதி வேறு கிடைத்துவிட்டது.

அந்த மார்கழியில் விடாத மழை. வாவி பெருகிக் கரையோர வயல் வட்டைகளுக்குள் ஏறிவிட்டது. கதிர் வர இருந்த பயிர் தண்ணீருக்குள் நின்றது. வாவி கடலோடு சேரும் ஆற்றுவாயை அடைத்துக் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குப் போய்விடும். ஆனால் அரசாங்கக் கச்சேரியில் இருக்கும் வெள்ளைக்காரத் துரையின் உத்தரவில்லாமல் அதில் ஒருவரும் மண்வெட்டி வைக்க முடியாது.

எங்கள் வட்டையின் தண்ணீர், பயிர் காரியங்களைக் கவனிக்கும் விதானை என் தாய்மாமா. "மருமகன், நீதான் இங்கிலிசு படிச்சவன். துரையோட கதைச்சுவிடு மனே. இன்னும் ரெண்டு நாள் நிண்டா எல்லாம் அழுகிப்போகும்" என்றார்.

அந்த மணல் திட்டுக்கு ஆங்கிலத்தில் 'பார்' என்று பெயர். வெட்டித் தாருங்கள் என்று மட்டும் கேட்டால் படித்தவனுக்கு என்ன மரியாதை? அகராதியில் அந்தப் பக்கம் முழுவதையும் மனப்பாடம் செய்தேன்.

நானும் மாமாவும் கச்சேரிக்குப் போனபோது துரை பகல் ரயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். போனால் திரும்பிவர ஒரு வாரமாகும். பத்து நிமிடம் தந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினேன். 'பார்' பிரெஞ்சுக்காரர் வழியாக வந்த சொல். முதலில் கதவுக்குக் குறுக்கே போடும் கட்டை. பிறகு நீதிமன்றத்துத் தடுப்பு, அதனால் வக்கீல்மாருக்கும் அதே பெயர். பிறகு சாராயம் ஊற்றிக் கொடுக்கும் மேசை, அதனால் அந்தக் கடைக்கும் அதே பெயர். (இந்த இடத்தில் நல்ல வேளை, மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது.) காற்றின் அழுத்தத்தை அளக்கிற 'பார்' மட்டும் வேறு சாதி, கிரேக்கத்திலிருந்து வந்தது என்றேன்.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். (வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.) சங்கீதத்தில் வரும் 'பார்' பக்கம் தாவினேன்.

துரை தொப்பியை எடுத்தார்.

மாமா என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னே வந்தார். "ஐயா, ஆத்துவாய வெட்டித் தாங்க. வயலெல்லாம் முங்கிப்போச்சு."

"எத்தனை நாட்களாகத் தண்ணீர் நிற்கிறது?" என்று கேட்டார் துரை. தமிழில்! (புத்தகத் தமிழ்தான். என் ஆங்கிலத்துக்கு எவ்வளவோ மேல்.)

"நாலு நாள், ஐயா."

நின்றபடியே ஒரு துண்டுக் காகிதத்தில் உத்தரவு எழுதிக் கொடுத்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரயில் ஞாபகம் வந்திருக்க வேண்டும், போய்விட்டார்.

அன்று பின்னேரமே ஆற்றுவாயை வெட்டினோம். வெள்ளம் இரைந்துகொண்டு கடலுக்குப் பாய்ந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கதையை நீட்டினால், "துரை தொப்பிய எடுத்திட்டாருகா!" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அன்று ஆற்றுவாயிலிருந்து தோணியில் திரும்பும்போது எல்லோர் முகத்திலும் சிரிப்பு. எனக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. கேட்டேவிட்டேன்: "மாமா, என்ட இங்கிலிசு எப்பிடி இருந்திச்சு?"

மாமா துடுப்பை நிறுத்தாமல் சொன்னார்: "வயல் தப்பிட்டுது."