பதினான்கு நிபந்தனைகளும் ஒரு பூதமும்

பதினோராவது நிபந்தனைக்கு வந்தபோது முகமது இஸ்மாயிலுக்கு வியர்த்துவிட்டது.

'மாப்பிள்ளை இன்னொரு நிக்காஹ் செய்யக் கூடாது. செய்தால், மணமகள் தானே விலகிக்கொள்ளும் உரிமையை இப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.'

மகள் நஸ்ரினின் திருமண ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்காக மனைவி மும்தாஜ் எழுதிய தாள் அது. மொத்தம் பதினான்கு. மாப்பிள்ளை வீட்டார் நகரின் ஓரத்து லோஹேகாவிலிருந்து ஐந்து மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். இப்போது மூன்றரை.

"ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடுங்க. ஆளுக்கொண்ணு கையில இருந்தா பேச வசதி" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் மும்தாஜ்.

இருபது வருடங்களாக அவளுக்கு ஒரே ஈடுபாடு, முஸ்லிம் குடும்பச் சட்டத்தில் சீர்திருத்தம். படிப்பாள், பத்திரிகைக்கு எழுதுவாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்து விளக்குவாள். "நான் புதுசா ஒண்ணும் கேக்கலைங்க. மார்க்கம் பொண்ணுக்கு அன்னைக்கே கொடுத்ததுதான். நாமதான் வாங்கிக்க மறந்துட்டோம்."

இஸ்மாயிலுக்கு அதில் மறுப்பே கிடையாது. ஆனால் இதே தாளைப் பார்த்து ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் போய்விட்டன. ஒன்று மூன்றாவது நிபந்தனையிலேயே எழுந்து போனது, இன்னொன்று ஏழு வரை தாக்குப்பிடித்தது. இந்தப் பையன் ஷாநவாஸோடு நஸ்ரின் நாலு தடவை போனில் பேசியிருந்தாள். நாலு தடவையும் சிரித்தபடியேதான் போனை வைத்தாள். அதை நினைத்தபோது அவருக்குக் கடைக்குள் நுழைய மனம் வரவில்லை. தெருமுனையிலிருந்து அப்படியே திரும்பிவிட்டார்.

"கடை பந்த். மத்தியானம் இந்த ஊர்ல யாரு திறக்குறான்?"

"அதனால என்ன? நானே நின்னு வாசிச்சுக் காட்டிடறேன்."

இது இன்னும் ஆபத்து. மும்தாஜ் வாசித்தால் வாசிப்பதோடு நிறுத்த மாட்டாள், விளக்கமும் சொல்வாள்.

"வேணாம், வேணாம்! நாலு மணிக்குத் திறந்துடுவான்" என்று மறுபடி ஓடினார். பத்து நிமிடம் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள், பனியனுக்கு மேலே செருகிக்கொண்டு வந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு. ஃபைல்ல வெச்சுட்டேன்."

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற கமாலுதீன், அவர் மனைவி, பையன் ஷாநவாஸ், பையனின் தாய்மாமா சிக்கந்தர். மாமா யாரிடமும் பேசவில்லை. சமோசாத் தட்டின் பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

இஸ்மாயில் குனிந்து சாய் கொடுத்தார். சட்டைக்குள் தாள் 'சரக்'கென்றது.

"பாய், நெஞ்சுல என்னமோ சத்தம் கேக்குதே?" என்றார் கமாலுதீன்.

"சளி."

"இப்படியா சத்தம் போடும்? மிலிட்டரி கமாண்ட் ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு, காட்டிடலாம்."

இஸ்மாயில் நிமிர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சு வேலை, வீடு, விமான் நகரில் நஸ்ரினின் அலுவலகம் என்று ஒரு மணி நேரம் ஓடியது. பையனின் அம்மா மட்டும் இருப்புக்கொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தார். அவருக்கு இடம் பிடிக்கவில்லை என்று இஸ்மாயில் கணக்குப் போட்டார்.

அப்போது உள்ளிருந்து மும்தாஜ் குரல் கொடுத்தாள். "என்னங்க, அந்த ஃபைலை அவங்ககிட்ட குடுங்களேன்!"

ஃபைலில் நஸ்ரினின் பயோடேட்டாவும் இருந்தது. அதைக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். பார்க்காமலே மேலே இருந்த தாளை உருவி நீட்டினார்.

கமாலுதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"உயரம், பதினெட்டு அடி."

யாரோ சாய் உறிஞ்சும் சத்தம் நின்றது.

"வயசு, இருநூத்திப் பத்து. சாப்பாடு, வேளைக்கு மூணு ஆடு. கோபம் வந்தா வாயிலேருந்து நெருப்பு வரும். எதிர்ல நிக்கிறவங்க பகடை உருட்டித் தப்பிக்கணும்."

பையனின் அம்மா சமையலறைக் கதவைப் பார்த்தார்.

"அது நஸ்ரின் இல்லைங்க!" என்று எழுந்தார் இஸ்மாயில். "அது என்னோடது!"

"நீங்களா?" என்றார் கமாலுதீன்.

"இல்ல, பூதம். ஞாயித்துக்கிழமை என் கூட்டாளி பக்தவத்சலமும் இன்னும் மூணு பேரும் வருவாங்க. ஆளுக்கொரு வீரனா வேஷம் எடுத்துக்கிட்டு, பகடை உருட்டி, மேஜையைச் சுத்தி உக்காந்து ஆடற கதை விளையாட்டு. கதை சொல்றது நான். அடுத்த வாரத்துக்கு ஒரு பூதம் தேவைப்பட்டுச்சு, எழுதி இந்த ஃபைல்லயே வெச்சுட்டேன்..."

"உங்க வயசுலயா?"

ஷாநவாஸ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டான். மும்தாஜ் சமையலறை வாசலுக்கு வந்திருந்தாள்.

"அப்ப நான் எழுதுன தாள் எங்க?"

இஸ்மாயில் சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கழற்றி, வியர்வையில் நனைந்திருந்த தாளை வெளியே எடுத்தார்.

மும்தாஜ் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் தலை குனிந்து அவர் பார்த்ததில்லை.

"அத்தா," என்றாள் அவள் பின்னால் நின்ற நஸ்ரின், "அதுல கடைசி நாலு நான் சொல்லி எழுதுனது."

அந்த அறையில் அதற்குமேல் மறைக்க எதுவும் இல்லை. இஸ்மாயில் தாளைப் பிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டுக் குகைகளையும் இடியும் கோட்டைகளையும் சொல்லிப் பழகிய குரலில் ஒன்றாவது நிபந்தனையைப் படித்தார். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மஹரை நிக்காஹ் அன்றே கொடுப்பது, நஸ்ரினின் வேலையை யாரும் நிறுத்தச் சொல்லாதது, பதினோராவது, பதினாலாவது. எங்கேயும் குரலைத் தாழ்த்தவில்லை.

படித்து முடித்துவிட்டு, தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்.

"இதுல ஒண்ணு குறைஞ்சாலும் எங்க வீட்டுல நிக்காஹ் இல்லைங்க."

மும்தாஜ் பக்கத்தில் வந்து நின்றாள். கமாலுதீன் கண்ணாடியைக் கழற்றினார். பையனின் அம்மா நீளமாக மூச்சு விட்டார். அதுவரை வாயைத் திறக்காத சிக்கந்தர் மாமா கையிலிருந்த சமோசாவைத் தட்டில் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க பாய், உங்க வீட்டம்மா பத்திரிகையில எழுதுனதைப் படிச்சுட்டு, இப்படிக் கேக்கற வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும்னு தேடி வந்தோம், ஒரு மணி நேரமா நிபந்தனைங்கற பேச்சே வரலையா, வீடு மாறி வந்துட்டோம், எழுந்து போயிடலாம்னு எங்க அக்கா என்னைய மூணு தடவை கிள்ளிட்டா!"