வண்டிவீட்டு வைராக்கியம்

குழாயைத் திருகினால் ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு வந்தது. தண்ணீர் வரவில்லை.

ஹார்லன் காப்பிக் கெட்டிலைக் கையில் பிடித்தபடி குழாயை முறைத்தார். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர். பின்சீட்டில் ரகளை செய்கிற பையன்களைக் கண்ணாடி வழியாக முறைத்தே அடக்கியவர். குழாய் அடங்கவில்லை.

"உறைஞ்சு போச்சா? சரி, நீயா நானா பாத்துடலாம்."

வண்டிவீடு நின்றது வேறெங்கும் இல்லை, அவருடைய சொந்த வீட்டின் கொல்லையில்தான். வீட்டுப் பின்சுவர்க் குழாயிலிருந்து ஒரு ஹோஸும் பக்கத்துப் பிளக்கிலிருந்து ஒரு வயரும் பனிமேல் ஊர்ந்து வந்து வண்டிக்குள் நுழைந்தன. பத்து எட்டு வைத்தால் வெந்நீர், மெத்தை, பெர்னிஸ் எல்லாம் உண்டு. ஆனால் போக முடியாது. போனால் மானம் போய்விடும், கூடவே வண்டியும் போய்விடும்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் வாங்கிய வண்டி அது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே. மொன்டானா குளிரை விட்டு அரிசோனா வெயிலுக்கு, பெர்னிஸை முன்சீட்டில் உட்காரவைத்துத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பெர்னிஸ் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இது அரிசோனா போகுமா? ஊர் எல்லையையே தாண்டாது. கூரை ஒழுகுது, ஹீட்டர் இருமுது, கதவு மூடினா திறக்கமாட்டேங்குது."

"இதுல மொன்டானா குளிரையே தள்ளலாம், தெரியுமா?"

"தள்ளிக் காட்டு. பனி உருகற வரைக்கும் நீ இதுல இருந்துட்டா, நானா வந்து முன்சீட்டுல உக்காருறேன். நடுவுல ஒரு டம்ளர் தண்ணி வேணும்னு என் கதவைத் தட்டினியோ, வண்டியை வித்துடணும். சம்மதமா?"

"சம்மதம் போ!"

அன்றைக்கே தலையணையைத் தூக்கிக்கொண்டு குடியேறிவிட்டார். வீட்டின் முன்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றும் சபதம். கடைக்குப் போவதானால் பின்சந்து வழியாகத்தான்.

குழாய் மக்கர் செய்ததற்கு முந்தின நாள்தான் பெர்னிஸ் வந்து வண்டிக் கதவைத் தட்டியிருந்தாள்.

"ஹார்லன், இந்தக் குளிர் எனக்கு ஆகாது. நான் கிளம்பறேன். வர்றதுன்னா வா. கடைசியாக் கேக்கறேன்."

குளிரில் வாசலில் நிற்க முடியவில்லை, வீட்டுக்குள் வரச் சொல்லிக் கெஞ்ச ஆரம்பித்துவிட்டாள் என்று ஹார்லனுக்கு ஒரே குஷி. கதவைத் திறக்காமலே, "தாராளமாக் கிளம்பு!" என்று குரல் கொடுத்தார். அப்படிப்பட்டவர் மறுநாளே போய்த் தண்ணீர் கேட்பாரா?

ஹோஸைக் கழற்றி உள்ளே இழுத்தார். அது விறைத்துப்போய், எந்தப் பக்கம் வளைத்தாலும் வளையாமல் முரண்டு பிடித்தது. வண்டியில் அதற்கு இடம் கட்டில் ஒன்றுதான். கட்டிலில் கிடத்திப் போர்வையைப் போர்த்தி, ஹீட்டரையும் அதன் பக்கம் திருப்பிவைத்தார். ஹோஸ் நன்றாக இளகியது. இளகியதெல்லாம் மெத்தையில் இறங்கியது. திரும்பக் கொண்டுபோய் மாட்டித் திறந்தால், மறுபடியும் ‘புஸ்’.

ஒருவேளை பெர்னிஸ் வேண்டுமென்றே தண்ணீரை அடைத்துவிட்டாளோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அன்று இருட்டியதும் வீட்டுச் சன்னலைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. டிவியின் நீல வெளிச்சம் மினுக் மினுக்கென்று ஆடியது. தண்ணீரை அடைத்தால் அவள் எதில் காப்பி போடுவாள்? காப்பி இல்லாமல் பெர்னிஸ் ஒரு பொழுது இருந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே குற்றவாளி ஹோஸ்தான் என்று தீர்ப்பாயிற்று.

மறுநாள் சூடேற்றும் வயர் வாங்கிவந்து ஹோஸைச் சுற்றிப் பாம்பாட்டி மாதிரி கட்டினார். அதைச் சொருகினார். ஈர மெத்தை காய ஹீட்டர். போர்வை காய இன்னொரு ஹீட்டர். ‘டப்’ என்று ஒரு சத்தம். வண்டி முழுக்க இருட்டு.

விழுந்துவிட்ட சுவிட்ச் வீட்டின் நிலவறையில் இருந்தது. அதைத் தூக்கிவிட வேண்டுமானால் கதவைத் தட்ட வேண்டும்.

"மெழுகுவத்தி கண்டுபிடிச்சவன் முட்டாளா?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

போனில் பெர்னிஸிடமிருந்து சேதி வந்தது. ‘குளிருதா?’

நடுங்குகிற விரலால் அடித்தார். ‘வேர்க்குது.’

‘எனக்கும்தான். சன்னலை எல்லாம் தொறந்து வச்சிருக்கேன்.’

எட்டிப் பார்த்தார். எல்லாச் சன்னலும் இறுக மூடி, விளிம்பில் பனிக்கட்டி தொங்கியது. "அடி புளுகுணி!" என்று பல்லைக் கடித்தார். கடிக்கச் சிரமப்படவில்லை, பல் ஏற்கெனவே தந்தியடித்துக்கொண்டிருந்தது.

இனி நம்பிக்கை காஸ் அடுப்பும் காஸ் கணப்பும்தான். கணப்பின் விசிறிக்கு வண்டி பேட்டரி போதும். ஆனால் வண்டிக்கு அடியில் காற்று புகுந்து, ஏறுகிற சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு போனது. அந்தப் பக்கத்தில் எல்லாரும் வண்டியைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்குவார்கள். ஹார்லனும் போனார். மட்டமான சரக்கு வேண்டாமென்று, பச்சை வாசனை கமகமக்கிற உசத்திக் கட்டுகளாகப் பொறுக்கி வாங்கிவந்து அடுக்கினார்.

காஸ் நிரப்ப வந்த டுவேன் அதைப் பார்த்து வாயைப் பிளந்தான். டுவேனுக்கு நாற்பது வயதிருக்கும். அந்தத் தெருவுக்கெல்லாம் காஸ் லாரி அவனுடையதுதான்.

"பெரியவரே, இது வைக்கோல் இல்ல. தீவனப் புல்லு. குதிரைக்குப் போடறது. காத்தை மறைக்கச் சொன்னா விருந்து வச்சிருக்கீங்க!"

"எல்லாம் தெரிஞ்சுதான் வச்சேன்," என்றார் ஹார்லன்.

அன்று மாலையே விருந்தாளிகள் வந்துவிட்டன. குன்றிலிருந்து இறங்கிய மான்கள் வரிசையாக நின்று சாப்பிட்டன. சாப்பிட்டதோடு நில்லாமல் வண்டியில் முதுகைச் சொறிந்துகொண்டன. பெரிய கொம்பன் ஒன்று ஹோஸைக் கொம்பில் மாட்டிக்கொண்டு, சூடேற்றும் வயர் தோரணமாகத் தொங்க, பின்சந்தில் ஓடி மறைந்தது.

"ஹோஸ் தொல்லை விட்டுது!" என்று ஹார்லன் அறிவித்தார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது அவருக்கு. ஒட்டியதெல்லாம் பனிதான்.

அதற்கப்புறம் பனியை அள்ளிப் பானையில் உருக்கிக் காலம் தள்ளினார். அடுத்த வாரம் வந்த டுவேனுக்கு மனசு கேட்கவில்லை.

"வீட்டுக் காஸ் டேங்க் அப்படியே நிறைஞ்சு கிடக்கு. உங்க வண்டிதான் காஸைக் குடிச்சுத் தீக்குது. பேசாம உள்ள போய்ப் படுங்களேன், யார் வேணாங்கறா?"

"டேங்க் நிறைஞ்சிருக்கா? பாத்தியா, அவளும் கணப்பைப் போடாம போட்டிக்கு உக்காந்திருக்கா! என் உசுரு இருக்கற வரைக்கும் அந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

டுவேன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு சேதி. ‘மூக்கு செவந்து தோல் உரியுது.’

ஹார்லனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அது சட்டென்று நின்றது. வறட்டுப் பிடிவாதத்தில் கணப்பில்லாமல் கிடந்து சளி பிடித்துக்கொண்டாளோ? வெளியில் எவ்வளவு வீம்பு பேசினாலும் அவள் இல்லாத கட்டில் அவருக்கு ஈர மெத்தையைவிடக் குளிர்ந்துதான் கிடந்தது. கோழி சூப் வைத்தார். பின்வாசல் படியில் மூடிவைத்து, கதவைத் தட்டாமல், பலமாக இருமிவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் போய்ப் பார்த்தால் சூப் கிண்ணம் மூடியோடு கல்லாக உறைந்திருந்தது. தொடக்கூட இல்லை.

"அவ்வளவு கொழுப்பா? இனிமே பனி உருகினாலும் நான் வர்றதா இல்லடி!"

அந்தக் கோபத்தில் பகலெல்லாம் அடுப்பில் பனியை உருக்கித் துணி துவைத்தார். நீராவி வண்டியெங்கும் நிறைந்து, கதவு இடுக்கில் போய் உட்கார்ந்து, பனிக்கட்டியாக இறுகிவிட்டது. மாலையில் காஸ் தீர்ந்து அடுப்பு அணைந்தது. கதவைத் தள்ளினார். உதைத்தார். தோளால் இடித்தார். வண்டி ஆடியதே தவிரக் கதவு அசையவில்லை.

சன்னலைத் திறந்து தலையை விட்டார். தோள் வந்தது. வயிறு வரவில்லை. பாதி ஹார்லன் கொல்லையிலும் பாதி ஹார்லன் வண்டியிலுமாகத் தொங்கியபோது, ஒரு மான் நிதானமாக வந்து அவர் தொப்பியை மோந்து பார்த்தது.

சரியாக அப்போதுதான் வீட்டுச் சன்னலில் விளக்கு எரிந்தது. நீல வெளிச்சம் ஆட ஆரம்பித்தது.

"பாரு! வேடிக்கை பாக்க வெளக்கைப் போடறா!" ஹார்லனுக்கு ரத்தம் கொதித்தது. அந்த மாதத்திலேயே முதல் தடவையாக உடம்பில் நல்ல சூடு. முஷ்டியை உயர்த்தினார். "பெர்னிஸ்! நல்லாப் பாத்துக்க! தண்ணி இல்ல, கரண்ட் இல்ல, இப்ப காஸும் இல்ல! ஆனா உன் கதவைத் தட்டினேனா? தட்டமாட்டேன்! முன்சீட்டைத் தொடச்சு வச்சிருக்கேன், வந்து உக்காரு!"

பின்சந்தில் லாரியை நிறுத்திய டுவேன் ஓடிவந்து அவர் கைகளைப் பிடித்தான்.

"மெதுவா இழு. முதல்ல அந்தச் சன்னலை மறைச்சு நில்லு," என்று பதறினார் ஹார்லன். "நான் விழறதை அவ பாக்கக்கூடாது."

"எவ?"

"பெர்னிஸ்தான்! அதோ உக்காந்து டிவி பாத்துக்கிட்டிருக்கா, தெரியல?"

டுவேன் சன்னலைப் பார்த்தான். ஹார்லனைப் பார்த்தான். பிடித்த கையை விட்டுவிட்டான்.

"அது டிவி இல்ல பெரியவரே, வீட்ல ஆள் இருக்குன்னு திருடன் ஏமாறட்டும்னு தானா எரியற வெளக்கு, அம்மா வீட்டுத் தண்ணிய மூடிட்டு அரிசோனா போய் மூணு வாரமாச்சு, ஏர்போர்ட்ல இறக்கிவிட்டதே நான்தான்!"