காவு கேட்ட கார்

மற்ற ஊர்களில் கார் வாங்குகிறவன் மைலேஜைக் கேட்பான், விலையைக் கேட்பான், பக்கத்து வீட்டுக்காரன் என்ன வைத்திருக்கிறான் என்றும் கேட்பான். திருநெல்வேலியில் கொஞ்ச நாளாக வாகனச் சித்தரைக் கேட்காமல் யாரும் அட்வான்ஸ்கூடக் கொடுப்பதில்லை.

தாமிரபரணிக் கரையில், பாலத்தை ஒட்டிய தென்னந்தோப்பில், ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் தேர்த்திருவிழா தோற்றது. திசையன்விளை முருங்கைக்காய் வியாபாரி புது லோடு ஆட்டோவோடு வந்து காத்துக் கிடப்பார். லீவில் வந்த காயல்பட்டினத்துத் துபாய்க்காரர் 'சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்' என்று சொல்லிக்கொண்டே டோக்கன் வாங்குவார். மதம் பல, பயம் ஒன்று. தோப்புக்காரர் பார்க்கிங் கட்டணம் போட்டார். யூடியூப்காரர்கள் மைக்கோடு வந்து இறங்கினார்கள். சித்தருக்கு ஏசி அறை வந்தது. கார்களுக்கு என்ன நன்மை வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது தெய்வ ரகசியம்.

சோதனை எளிது. பச்சை மஞ்சள் அரைத்து முக்கிய துணியைக் காரின் முன்மூடிமேல் விரிப்பார்கள். சித்தர் ஆற்றுத் தண்ணீரில் கையை நனைத்து, வாயிலிருக்கும் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மந்திரம் சொல்லி, துணிமேல் ஓங்கி ஒரு அறை அறைவார். துணி மஞ்சளாகவே இருந்தால் வண்டி மகாலட்சுமி. ரத்தச் சிவப்பாக ஐந்து விரலும் பதிந்தால் வண்டி காவு கேட்கிறது.

இன்னொரு விதி உண்டு. பெண்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். பெண் நிழல் பட்டால் வண்டி வாய் திறக்காதாம். சித்தரைப் பெற்றவள் எந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பெற்றாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்தக் கூட்டத்தில்தான் கருத்தையாவும் நின்றார். பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு மோட்டாரையும் நம்பமாட்டார். அப்பேர்ப்பட்டவர் கையில் தேங்காய், பழம், தட்சணையோடு நின்றார். பயம் மனுஷனை என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் மனைவி தேன்மொழியும் பைக்கில் போனபோது ரோட்டுப் பள்ளத்தில் விழுந்தார்கள். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு முதுகெலும்பு. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். வீட்டில் இருந்தபடியே கணக்கு டியூஷன் எடுக்கிறாள். கார் வாங்கும் பணத்தில் பாதி அவளுடையது. பள்ளத்தை அப்படியே விட்ட கான்ட்ராக்டரை யாரும் குறை சொல்லவில்லை. தேன்மொழியின் அண்ணன் மகாராஜன் மட்டும் வாரம் தவறாமல் ஒன்று சொல்வார்: "பைக் எடுக்கும்போதே நாள் பாரும்னு சொன்னேன். கேட்டீரா வே?" கருத்தையாவுக்கு உள்ளுக்குள் அது குத்திக்கொண்டே இருந்தது.

கார் விஷயத்தில் வீடு இரண்டு கட்சியானது. மகாராஜன் சொன்னது உசரமான புது எஸ்யூவி. நீளம் குறைவாக, பிரீமியமாக, கூரையில் கண்ணாடி வைத்தது. தேன்மொழி சொன்னது பின்பக்கம் நீண்ட பழைய எஸ்டேட் கார். மதுரையில் ஒரு டாக்டர் விற்கிறார். அதை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டிய அன்று, அதன் சீட்டும் அவள் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருந்தன. நடுவில் ஒரு பலகையைப் போட்டு, கையை ஊன்றி நகர்ந்து, தானே உள்ளே போய் உட்கார்ந்தாள். நாற்காலியை மடக்காமலே பின்னால் வைக்க இடமிருந்தது.

"இனிமே என்னை யாரும் மூட்டை மாதிரி தூக்கிப் போட வேண்டாம்" என்றாள். எஸ்யூவியில் ஏற வேண்டுமென்றால் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு தடவையும்.

மகாராஜனுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. "எஸ்டேட்டு வேணும்னா மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துல வாங்கும் மாப்ளே. அங்கனயே இருந்த சனத்த எறக்கி விட்டுட்டாவ. ஒசரமா ஒரு வண்டி நின்னாத்தான் நாலு பேர் மதிப்பான். ஒமக்கு சந்தேகம்னா சித்தரைக் கேப்போம்."

இப்படியாகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, தோப்பில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தேன்மொழி கயிற்றுக்கு அந்தப் பக்கம், பெண்களோடு.

முதலில் எஸ்யூவி. ஷோரூம் விற்பனையாளர் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சித்தர் கையை நனைப்பதற்குள் அவர் லட்டு டப்பாவைத் திறந்துவிட்டார். அவ்வளவு தெய்வ நம்பிக்கை. சித்தர் அறைந்தார். துணி மஞ்சள். "மகாலட்சுமி" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சித்தர் கையைத் துடைத்துவிட்டுச் சாவகாசமாக இன்னொரு வெற்றிலை எடுத்தார், டப்பியைத் திறந்து சுண்ணாம்பு தடவினார், மடித்து வாயில் போட்டார். பிறகு எஸ்டேட் காருக்கு வந்தார். மந்திரம். அறை.

ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன.

"இது பொம்பளைக் காவு கேக்குது" என்றார் சித்தர், சக்கர நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு. "ஏற்கெனவே பாதி வாங்கிட்டு. மீதிக்கு நிக்கி."

கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து தேன்மொழி, "என்னங்க ஆச்சு? என்ன சொல்லுதாவ?" என்று கேட்டாள்.

"தப்பிச்சோம்" என்றார் மகாராஜன். "ஷோரூம்காரர் நிக்கார். கையெழுத்தைப் போடும்."

கருத்தையா பேனாவைக்கூட வாங்கிவிட்டார். கடைசியாக ஒருமுறை அந்தத் துணியைப் பார்த்தார். அந்தச் சிவப்பை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே? தன் வீட்டுத் துவைக்கிற கல்லில்.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இந்த இரண்டு வருஷமாக வீட்டில் துணி துவைப்பது கருத்தையாதான். கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் துவைப்பார். போன வாரம் சாம்பார் கொட்டிய பனியனில் சோப்புப் போட்டதும் கறை ரத்தமாகச் சிவந்தது. கை அறுபட்டுவிட்டது என்று அவர் பதறி ஓட, தேன்மொழி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மஞ்சக்கறை சோப்பு பட்டா செவக்கும். சுண்ணாம்பு பட்டாலும் செவக்கும். ஆரத்தி கரைக்கது பின்ன எப்படியாம்?"

இப்போது சொல்லலாம். சொன்னால், மனைவியின் சேலையைத் துவைக்கிறவன் என்று நாளைக்குப் பேட்டை டீக்கடையில் இவர்தான் பலகாரம். சொல்லாவிட்டால் தேன்மொழி ஆயுசுக்கும் மூட்டை. கருத்தையா பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

கயிற்றுக்குப் பக்கத்தில், ஆற்றில் குளிக்க வருகிறவர்களுக்காக அக்தர் பானு பெட்டிக்கடை வைத்திருந்தாள். "ஒரு துணி சோப்பு குடும்மா" என்று வாங்கிக்கொண்டு வந்தார். சோப்பை நனைத்தார். எஸ்டேட் காரின் துணியில் மஞ்சளாக இருந்த ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்தார். துணி ரத்தச் சிவப்பானது.

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"ஏலே, இது எப்படிலே ஒனக்குத் தெரியும்?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்க வீட்டுல நான்தான் துணி துவைக்கேன்" என்றார் கருத்தையா. அதோடு நிறுத்தவில்லை. "அவ சேலையும் நான்தான் துவைக்கேன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சித்தர் கையை உயர்த்தினார். "சோப்புல ஈனப் பொருள் கலந்திருக்கு. வண்டியோட ரத்தமும் அதுவும் ஒண்ணா?"

"சரி சாமி, சோப்பு வேண்டாம்" என்றார் கருத்தையா. "மகாலட்சுமின்னு சொன்னியள்லா, அந்த வண்டி. அதே கையைக் கழுவாம, தொடைக்காம, அங்கனயும் ஒரு அறை அறைஞ்சிருங்க."

சித்தர் கையைப் பின்னால் கொண்டுபோனார். காயில் கட்டுகிற பிடி லேசுப்பட்டதா? கருத்தையா அந்தக் கையைப் பிடித்து, எஸ்யூவியின் மஞ்சள் துணிமேல் வைத்துப் பைய அழுத்தினார். ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன. உள்ளங்கை ரேகைக்குள் வெற்றிலைச் சுண்ணாம்பு வெள்ளையாக நின்றது.

"இப்போ இதுவும் காவு கேக்கு வே" என்றார். "யாரோடதாம்? ஷோரூம்காரரோடதா?"

அக்தர் பானு கயிற்றைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். துணியைத் தொட்டு முகர்ந்தாள். "சுண்ணாம்பா? இதுக்குத்தான் எங்கள அங்கன நிறுத்தி வச்சானா? ஒருத்தி எட்டிப் பாத்திருந்தா அன்னைக்கே கடையை மூடியிருப்பானே."

பெண்கள் சிரித்த சிரிப்பில் தோப்பு அதிர்ந்தது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஆயுசில் ஒரு நாள் தன் வேட்டியைத் தானே துவைத்த ஆம்பிளை ஒருத்தன் முன்னமே வந்திருந்தால், சித்தர் எப்போதோ வேறு தொழில் தேடியிருப்பார். அப்போதும் ஒரு பக்தர் விடவில்லை. "சாமி மேல தப்பில்ல, சுண்ணாம்புதான் சாமியைக் கெடுத்துட்டு" என்றார். இப்படி ஒருத்தர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்.

அந்தச் சந்தடியில் சித்தர் புறப்பட்டுவிட்டார். எதில் என்றா கேட்கிறீர்கள்? காவு கேட்ட அதே எஸ்யூவியில்தான். ஓட்டியவர் ஷோரூம் விற்பனையாளர். லட்டு டப்பாவும் கூடவே போனது. கூட்டாளிகள் யார் யார் என்று இனி தனியாக விசாரிக்க வேண்டிய அவசியமில்லை.

தேன்மொழி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். பலகையைப் போட்டாள். கையை ஊன்றி எஸ்டேட் காருக்குள் நகர்ந்து உட்கார்ந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டாள். கருத்தையாவின் ஈரக்கையைப் பிடித்தாள். "இத்தனை பேர் முன்னால சொல்லிட்டியளே" என்றாள்.

மகாராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். "சரி மாப்ளே, இந்தாளு திருட்டுப்பய. போவுது. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா எலுமிச்சம்பழம் உருட்டிப் பாக்காவ. எதுக்கும் ஒரு எட்டு..."

"அண்ணே" என்றாள் தேன்மொழி. "அங்க போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கேன். இத்தனை நாளா இந்த ரெண்டு வண்டியையும் சுத்திச் சுத்தி வந்தியளே. பிரேக் புடிக்கான்னு யாராவது மிதிச்சுப் பாத்தியளா?"

யாரும் பார்க்கவில்லை. கருத்தையா ஏறி உட்கார்ந்து மிதித்தார். பிடித்தது.

பிரேக்கைச் சோதிக்க நல்ல நேரம் எதுவென்றால், வண்டி புறப்படுவதற்கு முன்னால். மூளையைப் பயன்படுத்தவும் அதே நேரம்தான் அன்பர்களே, அதற்கு டோக்கன் வாங்க வேண்டியதில்லை.