கைப்பிடிக் கமகம்

என் மனைவி வாயால் ஒரே ஒரு 'பேஷ்' வாங்காமல் விடுவதில்லை என்று போன ஆவணியில் சபதம் செய்தேன்.

செங்கமலம் வீணை வாசிப்பாள். கல்யாணமான புதிதில் எனக்கும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்து, மூன்றாம் நாளே வீணைக்கு உறையைப் போட்டுவிட்டாள். "உங்க விரலுக்குக் கமகம் வராது, விட்டுடுங்கோ" என்றாள். ஸ்வரத்தை அசைத்துக் குழைப்பதுதான் கமகம். தந்தியை இழுத்தால் எனக்கு விரல்தான் குழைந்தது. அதோடு பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. செங்கல்பட்டு கோர்ட்டில் நான் குமாஸ்தா; ஜட்ஜே என் கையெழுத்துக்கு பேஷ் சொல்லியிருக்கிறார். வீட்டில் மட்டும் அப்பீலுக்கே இடமில்லை. மனசுக்குள் அது உறுத்திக்கொண்டேயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் சிநேகிதன், ரயில்வே கார்டு ஞானதாஸுக்கு மாற்றல் வந்தது. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா அனுப்பிய எலெக்ட்ரிக் கிதாரை, பத்திரமாக இருக்கட்டும் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதன் வயிற்றுக்குக் கீழே வளைந்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அழுத்தினால் ஸ்வரம் இறங்கும், விட்டால் ஏறும். எனக்குப் புல்லரித்தது. விரலே வேண்டாம், கைப்பிடி போட்ட கமகம்!

ரேடியோவின் முதுகில் கிராமபோனுக்கென்று இரண்டு துளைகள் உண்டு. அதில் ஒயரைச் செருகினேன். ரேடியோ உறுமியது, கிதார் பேசியது. செங்கமலம் கரண்டியோடு வந்து நின்றாள்.

"இது என்னன்னா? அழுத்தினா என்ன ஆகும்? மேலே தூக்கினா?"

எல்லாவற்றையும் விளக்கினேன். அத்தனை ஆர்வமாக அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அந்த மயக்கத்தில், ஒரே மாசத்தில் இதில் தோடி ராகத்துக்கு உயிரான காந்தார ஸ்வரத்தை அசைத்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டிவிட்டேன். ஜெயித்தால் அக்கம்பக்கத்துப் பெண்டுகள் முன்னால் அவள் பேஷ் சொல்லவேண்டும். தோற்றால் நான் கிதாரைத் தொடக்கூடாது.

அவள் காலண்டரைப் புரட்டினாள். "சரஸ்வதி பூஜை அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணி. முன்னே பின்னே கிடையாது, சம்மதமா?"

சரஸ்வதி சந்நிதியில் அரங்கேற்றம். இதைவிட நல்ல நாள் ஏது? சம்மதம் என்றேன்.

சாதகம் தொடங்கியது. கம்பியை லேசாகத் தொட்டால் காந்தாரம் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினால் ரிஷபத்தையும் ஷட்ஜத்தையும் தாண்டிக் கொல்லைப்பக்கம் போய்விட்டது. விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஆறு தந்தியும் ஆறு திசை. பக்கத்து வீட்டு சரோஜா வந்து, மாட்டுக்கு என்ன உடம்பு என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஆனால் ஒரு விசித்திரம். ராத்திரி அபஸ்வரமாக விட்டுவிட்டுப் போகும் கிதார், மறுநாள் நான் கோர்ட்டிலிருந்து திரும்பும்போது சுத்தமாகச் சுருதி சேர்ந்திருக்கும். கிறீச்சிட்ட கம்பியும் ஒரு நாள் கிறீச்சிடுவதை நிறுத்திவிட்டது. வாத்தியம் என் கைக்குப் பழகிவிட்டது என்று செங்கமலத்திடம் பீற்றிக்கொண்டேன். "ஆச்சரியமா இருக்கே" என்று கண்ணை அகட்டினாள்.

கடைசி வாரத்தில் காந்தாரம் நிஜமாகவே அசைந்தது. பத்துக்கு நாலு தடவை. எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம் பொரியும் கடலையும் வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்து பார்த்தால், கொலுவுக்கு முன்னால் புஸ்தகங்கள், பக்கத்தில் வீணை, வீணைக்குப் பக்கத்தில் என் கிதார். பட்டுத் துணி சாத்தி, கம்பியின் நுனியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். பூஜையில் வைத்த வாத்தியத்தை மறுநாள் வரை யார் தொடுவார்கள்?

மணி ஆறு. கூடம் நிறையப் பெண்டுகள்.

"வாசிக்கலாமே" என்றாள் செங்கமலம், பவ்யமாக.

"எப்படிடீ வாசிக்கறது? பூஜையிலன்னா இருக்கு."

"அப்போ தோத்தேள்" என்று எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தாள்.

மறுநாள் விஜயதசமி, புது வித்தை ஆரம்பிக்கும் நாள். கற்பூரம் காட்டிவிட்டு, செங்கமலம் கிதாரை எடுத்து, ஒயரை ரேடியோவில் செருகி, மடியில் வீணை மாதிரி சாய்த்துக்கொண்டாள். வலது கை சுண்டுவிரலைக் கம்பியில் போட்டாள். தோடி காந்தாரம் தொட்டில் மாதிரி ஆடியது. பத்துக்குப் பத்து.

"ஆரம்பிச்ச அன்னிக்கேவா?" என்றேன்.

"ஒரு மாசமா நீங்க கோர்ட்டுக்குக் கிளம்பினதும் இதே வேலைதான். பின்னே தினம் சுருதி சேர்த்தது யாரு? கம்பிக்கு எண்ணெய் போட்டது யாரு?"

கோபம் வரவேண்டும். வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. வாசலில் சரோஜாவும் அப்படியே நின்றுவிட்டாள். நடுவில் ரேடியோ உறும ஆரம்பித்தது. செங்கமலம் வாசிப்பை நிறுத்தாமல் கண்ணாலேயே பொத்தானைக் காட்டினாள். ஓடிப்போய் அரை திருகு குறைத்தேன். உறுமல் அடங்கியது.

"பேஷ்" என்றாள்.