அறுபத்து நாலு மார்க்

"எவ்வளவு வந்துச்சுங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"அறுபத்து நாலு," என்றார் கணக்கு வாத்தியார். சொல்லும்போதே கை மீசைக்குப் போய்விட்டது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுவதற்காக அவரும் தங்கை வீட்டு மாப்பிள்ளையும் திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு ஆளுக்கொன்று வாங்கியிருந்தார்கள். யாருடையது உசத்தி என்று போனில் பேச்சு முற்றியது. ஒரே சோதனை புரோகிராமை இருவரும் ஓட்டிப் பார்ப்பது, தோற்றவர் மீசையை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அந்த புரோகிராம் ஒரு கோட்டையைப் புல்பூண்டு விடாமல் வரைந்து, கடைசியில் கொட்டை எழுத்தில் ஓர் எண்ணைப் போடும். மாப்பிள்ளைக்கு எழுபத்தொன்று வந்திருந்தது. ஞாயிறு மாலை வரை கெடு.

வாத்தியாருடையது இருபத்தைந்து வருடத்து மீசை. வகுப்பில் பாதிக் கட்டுப்பாட்டை அதுதான் பார்த்துக்கொள்கிறது.

"சூடாயிடுச்சோ என்னமோ," என்று கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். அறுபது வந்தது.

மேஜை விசிறியை எதிரில் வைத்தார். ஐம்பத்தைந்து. தூசி தட்டி, திறந்து கிடந்த மற்ற புரோகிராம்களையெல்லாம் மூடினார். நாற்பத்தெட்டு. கவனிக்கக் கவனிக்க மார்க் குறையும் பிள்ளையை அவர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை.

"எண்ணுக்குக் கீழ பொடிசா என்னமோ எழுதியிருக்கே, படிச்சீங்களா?"

"மார்க் ஷீட்டுல மார்க்கைத்தான் பாக்கணும். கீழ இருக்கறது அச்சடிச்சவன் பேரா இருக்கும்."

அந்நேரம் தங்கை போனில் கூப்பிட்டாள். "எவ்வளவுல நிக்குதுண்ணா?"

"விசிறி வெச்சும் நாப்பத்தெட்டுதான். உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாத."

தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "விசிறியெல்லாம் வெச்சதுல குளிர் ஒத்துக்கலையோ என்னமோ. போர்வை போட்டு மூடிப் பாரேன்," என்றாள்.

கட்டிய கணவனை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் நிற்கிறாளே என்று வாத்தியாருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. விசிறியை நிறுத்தினார். தகட்டை மாட்டினார். கம்பளிப் போர்வையைச் சுற்றினார். எழுபது வந்தது. இன்னொரு போர்வையையும் போட்டு, மூடிய புரோகிராம்களையெல்லாம் மறுபடி திறந்துவிட்டார்.

சோதனை ஓடும்போது அவர் திரையைப் பார்ப்பதில்லை. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

"இந்த வாட்டி கோட்டையை வரைய ரொம்ப நேரமாகுதே, ஏங்க?" என்றாள் மனைவி.

"நிதானமா எழுதற பிள்ளைக்குத்தான் மார்க் வரும்."

திரும்பிப் பார்த்தார். தொண்ணூற்று மூன்று.

உடனே படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் பதிலுக்கு ஒரு படம் வந்தது. மழுமழுவென்று மேலுதடு. மாப்பிள்ளை சொன்ன சொல் தவறாதவர். வாத்தியார் கண்ணாடி முன் நின்று தம் மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக்கொண்டார். மனம் நிறைந்திருந்தது.

மறுபடி தங்கையின் போன். "ரொம்ப தேங்க்ஸ்ணா."

"எனக்கு எதுக்கும்மா தேங்க்ஸ்?"

"பத்து வருஷமா அவரை அந்த மீசையை எடுக்கச் சொல்லிட்டிருந்தேன், கேக்கவே இல்ல. நல்லவேளை, அது மார்க் இல்ல, கோட்டையை வரைஞ்சு முடிக்க ஆன செகண்டுன்னு கீழ பொடிசா போட்டிருந்ததை நீங்க ரெண்டு பேருமே படிக்கல."