கல்ச்சர் அங்கிளின் கிண்ணம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தயிர் சாப்பிடாதவர்கள் குறைவு. தயிரிடம் நலம் விசாரித்த ஒரே மனிதர் எங்கள் கல்ச்சர் அங்கிள்தான்.

ஃபிளாட்டில் எனக்கு எதிர்வீடு. கடைத் தயிர் டப்பாவில் 'லைவ் கல்ச்சர்' என்று போட்டிருந்ததைப் படித்ததிலிருந்து, தயிருக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியாவெல்லாம் அவருக்குப் 'பிள்ளைங்க' ஆகிவிட்டன. பால் உறையும் நேரத்தில் அவர் சமையலறையில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனால் மானம் போகும். "தயிர் உயிரோட இருக்கா?" என்று கேட்பார். பரிமாறுகிறவர் ஒருமுறை பயந்துபோய், "நண்டுதான் அங்கிள் உயிரோட வரும். அதுவும் இன்னிக்கு இல்ல" என்றார்.

பட்டப்பெயர் வந்தது கோயில் கூட்டத்தில். நம் கல்ச்சர் அழிந்துகொண்டே வருகிறது என்று ஒருவர் மைக்கில் உருகிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் அரைத்தூக்கத்தில் இருந்த அங்கிள் எழுந்து நின்றார்.

"யாரு சொன்னா? என் வீட்ல நல்லாத்தான் இருக்கு. கிண்ணம் கொண்டாங்க லா, ஆளுக்கொரு கரண்டி தரேன்."

கூட்டம் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. மறுநாள் நிஜமாகவே சிலர் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள்.

ஒருமுறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டு என் வயிறு கலங்கிப்போனது. தயிர்ச்சோற்றோடு வந்துவிட்டார். "மருந்து கெட்டவன விரட்டும்போது நல்லவனையும் சேத்து விரட்டிடும் தம்பி. நல்லவன நாமதான் திரும்பக் குடிவைக்கணும்."

தயிர் சிலருக்கு உதவலாம், எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் என் டாக்டர். அதை அங்கிளிடம் போய்ச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

பேச ஆரம்பித்த அன்று, இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்டேன். தயிர்க் கிண்ணத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"உங்க ஆன்டி கடைசியா உறை ஊத்துன தயிர் இது. அதுலேர்ந்து எடுத்து எடுத்துத்தான் ஊத்திக்கிட்டு வரேன். இன்னும் விடல."

பக்கத்து ஊர் கிள்ளானில் இருந்த மகள் மெல்பர்னுக்குக் குடிபோனபோது அவரையும் கூப்பிட்டுக்கொண்டாள். விமான நிலையத்தில் தயிரை விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் மனிதர் ஒடிந்துபோனார். பெட்டியைக்கூட அடுக்கவில்லை, கிண்ணத்தை யாரிடம் விடுவது என்பதே பேச்சு. கிளம்புகிற காலையில் என் வாசலில் வந்து நின்றார்.

"பால் கொதிக்கக் கொதிக்க ஊத்திடாத தம்பி. செத்துருவாங்க."

அவ்வளவுதான் சொன்னார். கிண்ணத்தை என் கையில் கொடுத்த பிறகும் அவர் கை அதை விடவில்லை.

இப்போது வீடியோ காலில் வருகிறார். என்னை நலம் விசாரிப்பதில்லை. "கிண்ணத்த காட்டு" என்பார். காட்டுவேன். பார்த்துக்கொண்டே இருப்பார். நானும் கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

எதிர்வீட்டுக் கதவு பூட்டியே கிடக்கிறது. அவர் இல்லாமல் இந்த மாடியே பிடிக்கவில்லை எனக்கு. காலையில் எழுந்ததும் மூடியைத் திறக்கிறேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொல்கிறேன்: "அங்கிள் நல்லா இருக்காராம். உங்களத்தான் கேட்டாரு."