அண்ணாந்த பணிப்பாளர்

“இடது பக்கம் விட்டுப்போச்சு, இடது பக்கம்,” என்று இராஜசிங்கம் குடையை உயர்த்திக் காட்டினார். மூன்றாம் மாடிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த இயந்திரம் வலது பக்கம் போனது.

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். மாத்தளைக் கடைத்தெருவில் ஒரு லொறி பின்னால் எடுக்கப்படும்போதும், மின்கம்பம் நடப்படும்போதும், பெயர்ப்பலகை ஏற்றப்படும்போதும் எங்கிருந்தோ வந்து, எல்லோருக்கும் குறுக்கே நின்று, கழுத்தை வளைத்து, ‘வரட்டும், வரட்டும்’ என்று கையசைப்பவர்கள். யாரும் அழைப்பதில்லை. சம்பளம் இல்லை. லீவும் எடுப்பதில்லை.

அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற இராஜசிங்கம், ஸக்கரியா முதலாளியின் நாலுமாடிப் புடவைக்கடைக்கு எதிரே ஆறு வருடமாக இந்தப் பணியில் இருந்தார். கணபதி கயிற்றில் தொங்கிக் கண்ணாடி கழுவுவார். இவர் கீழேயிருந்து சொல்வார். “சரிங்க சார்” என்று மேலிருந்து பதில் வரும். அவருக்கு அதைச் சொல்ல உலகத்தில் மிஞ்சியிருந்தவர் கணபதி ஒருவர்தான். வீட்டில் மனைவி தவமணிதேவி சொல்வதில்லை.

இரண்டாயிரத்தெட்டில் வந்து சேர்ந்தது இந்த இயந்திரம். ஆமை அளவு. இறப்பர் விளிம்புக்குள் காற்றை உறிஞ்சிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றுத் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து ஏறியது. சந்தியில் நின்ற சிப்பாய் துவக்கோடு வந்து இது என்னவென்று கேட்டபோது, முதலாளி வாய்திறக்குமுன் சிங்களத்தில் விளக்கியவர் இராஜசிங்கம்தான். சிப்பாய்க்கு விளங்கிவிட்டது. சொன்னவருக்கு விளங்கியிருந்ததா?

கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்த தர்மராஜா ஒரு பொத்தானை அமத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். இன்று நன்றாகக் கழுவினால் முதலாளி வாங்கிவிடுவார். பிறகு கணபதிக்கு வேலை இல்லை. அப்படியென்றால் இராஜசிங்கத்துக்கு?

“அதுக்குக் காது இல்லீங்க சார்,” என்றார் கணபதி, மடித்த கயிற்றின் மேல் உட்கார்ந்தபடி.

முதல் சுற்று முடிந்து இயந்திரம் இறங்கியது. இராஜசிங்கம் அதைச் சுற்றி நடந்தார். கடைசியில் குறை அகப்பட்டது.

“முதலாளி, புது மெஷின். இத்தனை பேர் கண்ணு பட்டிருக்கு. தேசிக்காய் கட்டாம ஏத்திட்டாங்களே.”

“நமக்கு அதெல்லாம் சரிவராது சார்,” என்றார் ஸக்கரியா.

“உங்களுக்கு யாரு கட்டச் சொன்னா? மெஷினுக்குத்தான். பஸ்ஸுக்குக் கட்டுறதில்லயா?”

“கட்டிட்டுப் போங்க. கட்டாம நீங்க விடமாட்டீங்க.”

ஒரு தேசிக்காய், ஏழு பச்சை மிளகாய். பஸ்ஸுக்குப் போலவே முன்பக்கம், கீழே தொங்கும்படி, தம் கையாலேயே கட்டினார்.

திரும்பி வந்த தர்மராஜா நெற்றியைச் சுருக்கினார். “இது மெனுவல்ல இல்லையே சார்.”

“மெனுவல் எழுதினவன் மாத்தளைக்கு வந்திருக்கானா?”

இயந்திரம் ஏறியது. மூன்றாம் மாடியில் தூரிகை மிளகாயைப் பிடித்தது. கீழ்ப்படிதலுள்ள இயந்திரம், கொடுத்ததை அரைத்தது. தேசிக்காயும் சேர்ந்தது, தண்ணீரும் சேர்ந்தது. அந்த நேரத்தில் இராஜசிங்கம், இந்த இனத்தார் எல்லோரையும் போல, கண்ணை அகல விரித்து, ‘இடது’ என்று சொல்வதற்காக வாயையும் திறந்து, அண்ணாந்து நின்றிருந்தார்.

‘இடது’ வருமுன் மேலேயிருந்து மிளகாய்ச் சாறு வந்தது.

அடுத்து, தேசிக்காய் கட்டிய நூல் இறப்பருக்குள் சிக்கிக் காற்றுப் போனது. இயந்திரம் பெருமூச்சு விட்டுச் சறுக்கி, பாதுகாப்புக் கயிற்றில் தொங்கிச் சுழன்றது. அவ்வளவு நேரமும் அவர் சொன்ன எந்தப் பக்கமும் திரும்பாதது, இப்போது எல்லாப் பக்கமும் திரும்பித் தெருவுக்கே சட்னி தெளித்தது.

அதை இறக்கக் கணபதிதான் ஏறினார். இராஜசிங்கம் குழாயடியில், ஈரக் கைக்குட்டையைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார்.

“கணபதி, இடது பக்கமாப் பிடிங்க.”

“சரிங்க சார்,” என்ற கணபதி வலது பக்கமாகப் பிடித்தார். ஆறு வருடமும் அப்படித்தான். இராஜசிங்கத்துக்குக் குரல் மட்டும் போதுமாக இருந்தது. கைக்குட்டைக்கு அடியில் அவர் முகம் தெளிந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இயந்திரம் லொறியில் கொழும்புக்குப் போனது. கணபதி கண்ணாடியிலிருந்த பச்சைக் கறையைக் கழுவினார். இராஜசிங்கம் கறுப்புக் கண்ணாடி அணிந்து ஒன்பது மணிக்கு வந்தார். மழை இல்லை, ஆனாலும் குடை கையில் இருந்தது. தேசிக்காயை இயந்திரத்தின் முதுகில் கட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதே என்று இதற்குள் உங்களுக்கும் தோன்றியிருந்தால், அவருக்குப் பக்கத்தில் இன்னும் ஒருவர் நிற்க இடமிருக்கிறது.